மூன்று முழவும் இரண்டு கையும்: காண்டிடோ கமேரோவின் இசைப்பணி ஒரு மதிப்பீடு

முழவுக் கலைஞன் ஒருவனை எதனைக் கொண்டு அளப்பது? கையின் விரைவைக் கொண்டா? ஒலியின் வலிமையைக் கொண்டா? மேடையில் அவன் காட்டும் வித்தைகளைக் கொண்டா? அன்றி, அவன் எவருக்குத் துணையாக அமர்ந்தானோ அவருடைய இசை அவனால் எவ்வளவு நிமிர்ந்து நின்றது என்பதைக் கொண்டா? இவ்வினா இசைவாணர்க்கு மட்டும் உரியதன்று. பாட்டையும் உரையையும் எடைபோடக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் உரியதே. விரைவும் வலிமையும் கண்ணுக்குத் தெரியும். அவற்றை அளப்பது எளிது. துணை நிற்கும் திறன் காதுக்குத்தான் தெரியும். அதனை அளக்கப் பழகிய காது வேண்டும்.

இவ்வினாவுக்கு விடை காண நான் எடுத்துக்கொண்டவர் காண்டிடோ கமேரோ என்னும் கியூபா நாட்டு முழவர். 1921ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பிறந்து, 2020ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நியூயார்க் நகரில் தம் 99ஆம் அகவையில் மறைந்தவர். கோல் கொண்டு அடிக்காது கையாலேயே முழக்கும் 'கொங்கா' என்னும் நெடுமுழவை அமெரிக்க ஜாஸ் இசைக்குள் நிலைபெறச் செய்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர்.

தமிழ் ஆசிரியர்கள் படிக்கும் இப்பகுதியில் கியூபா நாட்டு முழவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒருமுறை நினைவுகூர வேண்டுகிறேன். மாதவியின் ஆடலுக்குத் தண்ணுமை முழக்கும் ஆசிரியனின் இலக்கணத்தை இளங்கோவடிகள் அங்கே வகுத்துரைக்கின்றார். யாழும் குழலும் குரலும் இசைப்பனவற்றை அவன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குறிப்பறிந்து விரலைச் சேர்க்க வேண்டும். பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் வேண்டும். ஆனால் தான் அளவு கடந்து மேற்செல்லலாகாது. இதுவே அவ்விலக்கணத்தின் சாரம். முழவனுக்கு இதனினும் நுட்பமான அளவுகோலை நான் வேறெங்கும் கண்டதில்லை. அக்கோலை நம் நாட்டுக் கலைஞர்மீது மட்டுமே வைத்துப் பார்ப்பது அக்கோலுக்கே சிறுமை. நல்ல அளவுகோல் எந்நாட்டுப் பொருளையும் அளக்கும்.

கைமுழவு இல்லாத ஜாஸ்

ஜாஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவில், ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடையே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இசை. ஒரு பாடலின் கட்டமைப்பை அடிப்படையாக வைத்துக்கொண்டு, கலைஞர் அவ்வப்போதே புதிது புதிதாக இசையைப் பின்னிச் செல்வது அதன் உயிர். நம் கருநாடக இசையில் கற்பனைச் சுரம் பாடுவதை அறிந்தவர்க்கு இது விளங்காததன்று.

ஆப்பிரிக்க மக்களின் வழிவந்த இசையில் கைமுழவு இல்லாமற் போனது எவ்வாறு? இவ்வினாவின் விடை வருந்தத்தக்கது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முழவு அவர்களுக்கு அணிதிரட்டும் கருவியாக இருந்தது. அடுத்த ஆண்டு, 1740இல், அக்குடியேற்றத்து ஆட்சி இயற்றிய சட்டம் அடிமைகள் முழவு வைத்திருப்பதைத் தடைசெய்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் 'காங்கோ சதுக்கம்' போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைமுழவு ஒலித்துவந்தது; 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் அதுவும் ஓய்ந்தது. ஆகவே ஜாஸ் பிறந்தபோது அதற்குக் கிடைத்தவை படை அணிவகுப்பில் கோலால் அடிக்கும் முழவுகளே. அவற்றை ஒன்றாகக் கட்டி, பெருமுழவுக்கு ஒரு மிதியைப் பொருத்தி, ஒரே ஆள் உட்கார்ந்து முழக்கும் தொகுதியாக ஆக்கிக்கொண்டனர்.

கியூபாவின் கதை வேறு. அங்கே அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் இறக்கினர். அதனால் ஆப்பிரிக்க முழவுமொழி அங்கே மறக்கப்படவில்லை. பீப்பாய் செய்வது போல மரப்பலகைகளை ஒட்டி, மேலே தோல் போர்த்து, கையால் முழக்கும் கொங்கா அங்கே வளர்ந்தது. அதற்கும் இழிவு நேராமலில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹவானாவின் திருவிழா ஊர்வலங்களில் அம்முழவுக் குழுக்கள் தடைசெய்யப்பட்டு, 1937இல்தான் மீண்டும் இசைவு பெற்றன. மேட்டுக்குடியினர் அதனை அடிமைகளின் கொட்டு என்று ஒதுக்கினர். பறையின் வரலாற்றை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சானோ போசோ திறந்த வழி

இந்த இரு நீரோட்டங்களும் நியூயார்க்கில் கலந்தன. கியூபாவிலிருந்து வந்த மரியோ பவுசா என்பவர் மச்சிட்டோவின் குழுவில் இசைத்தலைவராக இருந்து, 1940களின் முற்பகுதியிலேயே கியூபத் தாளத்தையும் ஜாஸ் ஒத்திசையையும் பிணைத்தார். அவருடைய நண்பர் டிஸ்ஸி கில்லெஸ்பி என்னும் எக்காளக் கலைஞர். தம் பெருங்குழுவில் கைமுழவர் ஒருவர் வேண்டும் என்று கில்லெஸ்பி விரும்பியபோது, பவுசா காட்டிய ஆள் சானோ போசோ. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் கார்னகி அரங்கில் சானோ முழக்கினார். அவ்வாண்டு இறுதியில் 'மன்டேக்கா' என்னும் உருப்படி இசைத்தட்டில் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு திசம்பரில், ஹார்லெம் பகுதி மதுக்கடை ஒன்றில் சானோ சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 33.

ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே அவர் அக்குழுவில் இருந்தார். அதற்குள் அவர் செய்தது பெரிது. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 'மன்டேக்கா'வைக் கேட்பவர் காதில், கியூப இசையும் ஜாஸ் இசையும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக நிற்கின்றன. தொடக்கப் பகுதி முழுதும் கியூபா. நடுப்பகுதி வந்ததும் குழு அமெரிக்க நடைக்குத் தாவிவிடுகிறது. இரண்டும் அழகே. ஆனால் ஒரே கூரையின் கீழ் வாழ்வது எப்படி என்னும் சிக்கல் தீராமலே நின்றது. அச்சிக்கலைத் தீர்க்கும் பணி, சானோ மறைந்தபின் வந்தவர்களுக்கு உரியதாயிற்று. அவர்களுள் ஒருவர் காண்டிடோ.

பால் டின்னில் தொடங்கிய கல்வி

காண்டிடோவின் முதற் கருவி விலைகொடுத்து வாங்கியதன்று. வெறுமையான கெட்டிப்பால் டின்களைச் சிறு முழவுகளாகக் கொண்டு குழந்தைப் பருவத்தில் தட்டத் தொடங்கினார். பின்னர் நரம்புக் கருவிகளைக் கற்றார். 'டிரெஸ்' என்னும் கியூப நாட்டுக் கித்தாரும் பெருவயலினும் அவர் கைக்கு வந்தன. முழவுக்கு அவர் வந்தது அதன் பிறகே. இந்த வரிசை முறை கருதத்தக்கது. நரம்பை மீட்டிப் பழகியவன் சுருதியைக் காதில் சுமந்துகொண்டே முழவுக்கு வருகிறான். அவனுக்கு முழவின் ஒலி வெறும் ஓசையாக இராது. ஒரு சுரமாகவே கேட்கும். பின்னாளில் காண்டிடோ செய்த புதுமைக்கு வித்து இங்கே விழுந்தது என்பது என் துணிபு.

ஹவானாவில் சி.எம்.கியூ. வானொலி நிலைய இசைக்குழுவிலும் டிராப்பிக்கானா நடன அரங்கிலும் அவர் பணிபுரிந்தார். 1946இல் கார்மென், ரோலாண்டோ என்னும் நடன இணையருடன் நியூயார்க் வந்தார். அந்நடனத்துக்கு இருவகை முழவு தேவை: அடித்தாளத்தை மாறாமல் நிறுத்தும் பெரிய முழவு ஒன்று, ஆடுபவரின் அசைவுக்கேற்பப் பேசும் சிறிய முழவு ஒன்று. வழக்கப்படி இரண்டு ஆட்கள் வேண்டும். இருவரை அழைத்துவரப் பணமில்லை. ஆகவே காண்டிடோ ஒரு கையால் அடித்தாளத்தை நிறுத்திக்கொண்டே, மறு கையால் சிறு முழவில் பேசக் கற்றார்.

வறுமையிற் பிறந்த இச்சிக்கனமே கொங்காக் கலையின் போக்கை மாற்றியது. இரு கையும் இரு வேறு மனிதர்போல் இயங்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குக் காத்திருக்கலாகாது. ஆயினும் இரண்டும் ஒரே காலப்பிரமாணத்துக்கு உட்பட வேண்டும். இன்று உலகெங்கும் இரண்டு மூன்று கொங்காக்களை முன்னே நிறுத்தி ஒருவரே முழக்கும் காட்சி இயல்பாகிவிட்டது. 1946க்கு முன் அது இயல்பன்று.

நெடிலும் குறிலும்

இனி, முன்னர்க் குறித்த சிக்கலுக்கு வருவோம். கியூபத் தாளமும் ஜாஸ் தாளமும் ஏன் எளிதில் ஒட்டுவதில்லை?

தமிழாசிரியர்க்கு இதனை விளக்குவது எளிது. ஒரு தட்டை இரண்டாகப் பகுத்தால் கியூப இசையில் இரு பகுதியும் ஏறக்குறைய ஒத்த அளவின. குறிலும் குறிலும் அடுத்தடுத்து வருவது போல. ஜாஸ் நடையிலோ முற்பகுதி நீண்டும் பிற்பகுதி குறுகியும் வரும். நெடிலும் குறிலும் மாறி மாறி வருவது போல. ஊஞ்சல் ஆடுவது போன்ற அந்நடையை அவர்கள் 'ஸ்விங்' என்பர். ஒரே வேளையில் ஒருவர் குறிலிணையாகவும் மற்றொருவர் நெடில் குறிலாகவும் ஓதினால் என்னாகும்? வகுப்பறையில் இரு அணிகளை வைத்துச் சொல்லச் செய்து பாருங்கள். ஒரே அடியில் இரு பிளவுகள் தோன்றும். கோல்முழவர் தட்டில் நெடில் குறிலாக நடைபோட, கொங்காக்காரர் குறிலாகவே பொழிந்தால் இசையும் அவ்வாறே பிளவுபடும்.

ஆனால் ஒட்டுவதற்கும் ஓர் இடம் உண்டு. கொங்காவின் அடிப்படை நடையில், நான்கு தட்டுகளுள் இரண்டாம் தட்டில் 'சுள்' என்னும் அறை விழும். நான்காம் தட்டில் இரண்டு திறந்த ஒலிகள் தொடங்கும். இடையில் உள்ளங்கை அடியும் விரல் நுனியும் மாறி மாறித் தோலில் மெல்லப் படியும். கேட்பவர் காதுக்கு அது எட்டியும் எட்டாமலும் இருக்கும். ஜாஸ் கோல்முழவரின் மிதித்தாளமோ சரியாக அதே இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் மூடிக்கொள்ளும். ஆகவே உரத்து ஒலிக்கும் இடங்கள் இருவருக்கும் ஒன்றே. பிணக்கு எழுவது இடையிலுள்ள சிற்றொலிகளில்தான்.

அச்சிற்றொலிகளை அடக்கினால் பிணக்கு அடங்கும். காண்டிடோவின் நல்ல பதிவுகளில் நாம் கேட்பது இந்த அடக்கத்தையே. ஜாஸ் நடை ஓங்கும் இடத்தில் அவர் கை சற்றே சாய்ந்து நெடில் குறிலுக்கு இடந்தருகிறது; கியூப நடை ஓங்கும் இடத்தில் நேராக நிமிர்கிறது. நம் எழுத்திலக்கணத்தில் ஒற்றெழுத்துக்கு மாத்திரை அரை, தனித்து நில்லாது, ஆயினும் அது பிறழ்ந்தால் சொல் சிதைந்துவிடும். அவருடைய சிற்றொலிகள் அத்தகைய ஒற்றுகள்.

மூன்று முழவு: வித்தையா, கலையா?

இரண்டு முழவு பின்னர் மூன்றாயிற்று. மூன்றையும் வெவ்வேறு சுருதியில் நிறுத்தி, அவற்றில் இன்னிசையே வாசிக்கும் வழக்கத்தைக் காண்டிடோ தொடங்கினார். காலால் மிதித்து ஒலிக்கும் மணியையும் சேர்த்துக்கொண்டார். எட் சல்லிவன் நடத்திய புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றினார், நாடே வியந்தது. 'ஆயிரம் விரல் மனிதர்' என்னும் பட்டம் பின்னாளில் நிலைத்தது.

இங்கேதான் திறனாய்வாளன் நிதானிக்க வேண்டும். மூன்று சுருதியில் எத்தனை பாட்டை வாசித்துவிட முடியும்? மூன்று எழுத்தால் ஒரு நிகண்டை எழுதுவது போன்றது அது. கேட்பவர் ஏற்கெனவே அறிந்த பாட்டின் சாயலைத் தொட்டுக்காட்டலாம். எஞ்சியதை அவர் காதே நிரப்பிக்கொள்ளும். வியப்பு உண்டு, ஆயினும் இரண்டாம் முறை கேட்கும்போது அவ்வியப்பு பாதியாகக் குறைந்துவிடும். வியப்பை மட்டுமே கொண்டு நிற்கும் கலைக்கு ஆயுள் குறைவு.

அப்படியாயின் மூன்று முழவும் வெறும் வித்தைதானா? அன்று. முழவைச் சுருதி சேர்த்ததன் பயன், அதில் பாட்டு வாசித்த இடத்தில் இல்லை. பாட்டு வாசிக்காத இடத்தில் இருக்கிறது. பழைய கொங்காவின் தோல் ஆணியால் அறையப்பட்டிருக்கும். நெருப்பில் காட்டித்தான் இறுக்க வேண்டும். சூடு ஆறினால் சுருதி இறங்கும். பின்னர் இரும்பு வளையமும் திருகாணியும் வந்தபின் விரும்பிய சுருதியில் நிறுத்துவது எளிதாயிற்று. சுருதி சேர்ந்த முழவு பெருவயலினோடு பகைக்காது. பியானோவின் கீழ்க்கட்டைகளை மறைக்காது. குழுவின் இசைக்குள் தனக்கென ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பிறர் இடத்தை விட்டுவிடும். துணைக்கருவிக்கு இதனினும் சிறந்த ஒழுக்கம் வேறில்லை. மக்கள் கைதட்டியது வித்தைக்காக. உடன் வாசித்தவர்கள் அவரை மீண்டும் மீண்டும் அழைத்தது இவ்வொழுக்கத்துக்காக என்று கொள்வதே பொருந்தும்.

மூன்று இசைத்தட்டுகள்

சொன்னதை நிலைநாட்டச் சான்று வேண்டும். அவர் பங்குகொண்ட மிகப்பல பதிவுகளிலிருந்து மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 1954இல் பதிவான 'பில்லி டெய்லர் மூவர், உடன் காண்டிடோ'. 1950களின் தொடக்கத்தில் கில்லெஸ்பி அவரை நியூயார்க்கின் டவுன்பீட் என்னும் இசைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே நிலையான பியானோக் கலைஞராக இருந்தவர் பில்லி டெய்லர். காண்டிடோ பிறந்த அதே 1921இல் பிறந்தவர். பிற்காலத்தில் இசைக்கல்வியில் முனைவர் பட்டம் பெற்று, ஜாஸ் இசையைப் பொதுமக்களுக்குக் கற்பித்த நல்லாசிரியர். அங்கு விருந்தினராக வாசிக்க அமர்ந்த காண்டிடோ அக்குழுவிலேயே தங்கிவிட்டார். பியானோவும் கொங்காவும் நெருங்கிய உறவினர். இரண்டும் தட்டி ஒலிக்கும் கருவிகள். அதனாலேயே ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் இடர்ப்பாடு மிகுதி. இத்தட்டில் டெய்லரின் விரல்கள் நெருக்கமாக ஓடும் இடங்களில் கொங்கா தன் சொல்லைக் குறைத்துக்கொள்கிறது. அவர் மூச்சுவிடும் இடத்தில் ஒரு சொல்லைச் செருகுகிறது. கேட்டு முழக்குவது என்பது இதுதான். தட்டின் பெயரிலேயே முழவரின் பெயர் இடம்பெற்றிருப்பதையும் நோக்குக. துணைக்கருவியாளர் பெயரைப் பின்னட்டையின் சிற்றெழுத்தில் தேட வேண்டியிருந்த காலம் அது.

இரண்டாவது, கித்தார்க் கலைஞர் கென்னி பர்ரெலின் முதல் தொகுதி, 1956. இதில் 'ரித்மோரமா' என்னும் பகுதி கோல்முழவும் கைமுழவும் நேர்நின்று உரையாடுவது. கோல்முழவர் கென்னி கிளார்க். ஜாஸ் தாளத்தின் ஓட்டத்தைப் பெருமுழவிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றிப் புதுவழி வகுத்த முன்னோடி. இத்தகைய இருவர் எதிரெதிர் அமர்ந்தால் போட்டி மூள்வதே இயல்பு. இங்கே போட்டி இல்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுக்கிறார். தடை விதிக்கப்பட்டு ஊமையான கைமுழவும், அதன் இடத்தில் வளர்ந்த கோல்முழவும், இரு நூற்றாண்டு கழித்து ஒரே அறையில் அமர்ந்து பேசிக்கொள்வதாக எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, சாக்சஃபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1962இல் வெளியிட்ட 'வாட்ஸ் நியூ?'. இதில் 'ஜங்கோசோ', 'புளூசாங்கோ' என்னும் இரு பகுதிகளில் பியானோ இல்லை, கித்தார் இல்லை, கோல்முழவும் இல்லை. சாக்சஃபோன், பாப் கிரான்ஷாவின் பெருவயலின், காண்டிடோவின் கைமுழவு ஆகிய மூன்றே. ரோலின்ஸ் தாளத்தோடு விளையாடுவதில் வல்லவர். ஒரு சிறு துணுக்கை எடுத்து இடம் மாற்றி மாற்றி வைப்பார். தட்டுக்கு முன்னும் பின்னும் தாவுவார். அவரோடு முழவும் தாவத் தொடங்கினால் கேட்பவனுக்குக் கால் ஊன்ற நிலமே இராது. முழவு அசையாமலே நின்றாலோ உயிர் இராது. காண்டிடோ அடித்தளத்தை விடாமல் மறுமொழியும் தருகிறார். நடன இணையருக்காக 1946இல் பழகிய இருகை ஒழுக்கம், 16 ஆண்டுகள் கழித்து இங்கே பழுத்துக் கனியாகிறது: ஒரு கை நிலம், மறு கை உரையாடல். அவருடைய பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் எனின், நான் வைத்துக்கொள்வது இதனையே.

குறைகளும் சொல்லத்தக்கன

புகழுரை மட்டும் திறனாய்வாகாது. காண்டிடோ தம் பெயரில் வெளியிட்ட தட்டுகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. 1956இல் ஆல் கோன் என்னும் சாக்சஃபோன் கலைஞருடன் வெளிவந்தது நல்ல தொகுதி. காரணம், அதில் எதிர்நின்று பேச ஒரு வலிய குரல் உண்டு. பின்னாளைய தொகுதிகள் சிலவற்றில் முழவை முன்னே நிறுத்திப் பிறவற்றைப் பின்னே தள்ளிவிட்டனர். கேட்டு முழக்குவதில் வல்லவருக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமற் செய்துவிட்டால் என்ன பயன்? 1970இல் 'ஆயிரம் விரல் மனிதர்' என்னும் பெயரிலேயே ஒரு தொகுதி வந்தது. பட்டம் கலைஞனைக் காட்டும் கண்ணாடியாகலாம். கலைஞனை மறைக்கும் திரையாகவும் ஆகலாம்.

1979இல் அவர் டிஸ்கோ நடன இசைக்கும் சென்றார். நைஜீரிய முழவர் பாபாதுண்டே ஒலாதுஞ்சி 1960இல் வெளியிட்ட தொகுதியிலிருந்த 'ஜிங்கோ'வை எடுத்து, நடனக்கூடங்களுக்கேற்ப அமைத்துப் பெரும் வரவேற்புப் பெற்றார். ஜாஸ் அன்பர் சிலர் இதனைத் தரக்குறைவாகக் கருதுவர். அவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. 58 அகவையான ஒருவர், தம் பேரப்பிள்ளைகளின் அகவையுடையோரை ஆடவைத்தது இகழத்தக்கதன்று. கொங்கா பிறந்ததே ஆடலுக்காகத்தான். ஆனால் டிஸ்கோவின் பெருமுழவு ஒவ்வொரு தட்டிலும் ஒரே அளவாய், ஒரே வலுவாய் விழுவது. அதற்குக் குறையும் இல்லை, மிகையும் இல்லை. நிரப்பவும் அடக்கவும் ஏதும் இல்லாத இடத்தில், இளங்கோவடிகள் வகுத்த முழவாசிரியனுக்கு வேலை இல்லை. காண்டிடோவின் கை அதன்மேல் உயிர்ப்போடு ஓடுகிறது என்பது உண்மை; அவ்வுயிர்ப்புக்கு எதிரொலி கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

யார் முதல்வர்?

ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 2008இல் காண்டிடோவுக்கு 'ஜாஸ் ஆசான்' என்னும் உயர்விருதை வழங்கியது. அப்போது அவருக்கு அகவை 86. கொங்காவை ஜாஸ் இசைக்குக் கொண்டுவந்த முதல்வர் என்று அவரைப் போற்றுவாரும் உண்டு. அப்பெருமை சானோவுக்கே உரியது என்பாரும் உண்டு. மச்சிட்டோவின் குழுவை மறக்கலாமா என்பாரும் உண்டு. முதல்வர் யார் என்னும் இவ்வழக்கில் எனக்கு ஈடுபாடு குறைவு. முதலில் வந்தவன் வழியைத் திறக்கிறான். அவனுக்குரிய பெருமையை எவரும் பறிக்க முடியாது. ஆனால் திறந்த வழியில் நாள்தோறும் நடந்து, அதனை ஊரார் நடக்கும் பாதையாக ஆக்குபவனும் வேண்டும். சானோவுக்கு அக்குழுவில் கிடைத்தது ஓராண்டும் சில திங்களும். காண்டிடோவுக்கு அமெரிக்க மண்ணில் கிடைத்தவை 70 ஆண்டுகளுக்கு மேல். 2004இல் கூட, மச்சிட்டோ குழுவின் பாடகியாக விளங்கிய கிரேசியேலாவுடன் ஒரு தொகுதி வெளியிட்டார். அவருக்கு அகவை 80ஐக் கடந்திருந்தது. பாடகி அவரினும் மூத்தவர்.

அவர் காலத்தில் வளர்ந்த பிற கைமுழவரையும் ஒப்புநோக்கலாம். நியூயார்க்கில் பிறந்த ரே பாரெட்டோ, படைவீரராகச் செருமனியில் இருந்தபோது 'மன்டேக்கா'வைக் கேட்டுக் கொங்காவின் பக்கம் திரும்பியவர். ஜாஸ் நடைக்குள் அடங்கி முழக்குவதில் அவரும் தேர்ந்தவர். கியூபாவின் மோங்கோ சாந்தாமரியா மரபு முழவுமொழியை ஆழ்ந்து போற்றியவர். இவர்களோடு வைத்துப் பார்க்கும்போது காண்டிடோவின் தனித்தன்மை விளங்குகிறது. மரபின் ஆழத்தில் மோங்கோ மிக்கவர். குழுவை நடத்தும் ஆற்றலில் பாரெட்டோ மிக்கவர். முன்பின் அறியாத ஒரு கலைஞருடன் அமர்ந்து, அவர் இசையின் உள்ளோட்டத்தை விரைந்து கண்டு, அதற்குத் தக்க இடத்தில் கையை வைக்கும் திறனில் காண்டிடோவை மிஞ்சியவர் அரியர். பில்லி டெய்லரின் பியானோவும், எரால் கார்னரின் பியானோவும், ஸ்டான் கென்டனின் பேரிசைக்குழுவும், ரோலின்ஸின் தனிக்குரலும் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் நிற்பவை. நால்வரிடத்தும் ஒருவரே சென்று, நால்வருக்கும் பொருந்தி நின்றார்.

முடிவுரை

இளங்கோவடிகளின் கோலால் அளந்து பார்த்தோம். பிறர் இசையைக் கேட்டலில் காண்டிடோ குறைவற நிற்கிறார். குறையை நிரப்பலிலும் மிகையை அடக்கலிலும் அவருடைய சிறந்த பதிவுகள் சான்றாகின்றன. தாம் அளவு கடவாமை என்னும் இறுதி விதியில் மட்டும், மேடையும் சந்தையும் அவரைச் சில வேளைகளில் இழுத்துச் சென்றன. அவ்வேளைகளில் உலகம் மிகுதியாகக் கைதட்டியது என்பதுதான் நாம் கருத வேண்டிய பாடம்.

நம் பள்ளி விழாக்களில் உறுமியோ மிருதங்கமோ தப்போ முழக்கும் மாணவனை எப்போது பாராட்டுகிறோம்? அவன் விரைந்து அடிக்கும்போது. தோழியின் பாட்டு தாளம் தப்பிய ஒரு கணத்தில், அவையறியாமல் அவளைத் தாங்கி மீண்டும் தாளத்தில் நிறுத்திய மாணவனை எத்தனை பேர் பாராட்டியிருப்போம்? அதனைக் கவனிக்கும் காது நமக்கு இல்லையெனில், அவனும் நாளடைவில் விரைவையே கற்றுக்கொள்வான். ஆயிரம் விரல் அவனுக்கு வந்துவிடும். கேட்கும் காது வாராது.

மேற்சொன்ன மூன்று தட்டுகளும் இக்காலத்தில் இணையத்தில் எளிதில் கேட்கக் கிடைப்பவை. ஆசிரிய நண்பர்கள் 'புளூசாங்கோ'வை இருமுறை கேட்க வேண்டுகிறேன். முதல்முறை சாக்சஃபோனை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை முழவை மட்டும் கேளுங்கள். முதல்முறை நீங்கள் சாக்சஃபோனிடம் கண்ட நிமிர்வில் எவ்வளவு பங்கு முழவினுடையது என்பது அப்போது புலப்படும். புலப்பட்டபின் உங்கள் மாணவரிடம் அதனைச் சொல்லுங்கள்.